அறுபது நாளில் தானாக மூடிக்கொள்ளும்

மென்பொருள் கம்பெனியில் நிரல் எழுதுகிறவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசும். வந்து குவிகிற குறைகளைப் படித்து ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு லேபிள் ஒட்டுகிறவனைப் பற்றி அவன் பெண்டாட்டிகூடப் பேசமாட்டாள்.

நான் அந்த லேபிள்காரன். புதுச்சேரியில் சாரம் பகுதியில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே, மாடியில் ஐந்து பேர் வேலை பார்க்கிற கம்பெனி எங்களுடையது. மீன் விற்கிற பெண்களிடமிருந்து நகரத்து வீடுகள் நேராக மீன் வாங்குவதற்கு ஓர் ஆப் செய்திருந்தோம். காலையில் யாரிடம் என்ன மீன் இருக்கிறது என்று போனில் தெரியும். வேண்டியதை அமுக்கிவிட்டால் பத்து மணிக்குள் கூடை வாசலுக்கு வந்துவிடும்.

ஆப் என்று ஒன்று இருந்தால் அதில் குறை இருக்கும். ஒவ்வொரு குறைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு போடுவோம். அதற்குப் பெயர் இஷ்யூ. அது பிழையா, வெறும் கேள்வியா, அவசரமா, ஆறப்போடலாமா என்று பார்த்து நான் லேபிள் ஒட்டினால்தான் சரிசெய்கிறவர் கைக்குப் போகும். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதியவர்களே, மின்துறையில் புகார் போனை எடுத்தவர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாம் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான்.

அவசரம் இல்லை

எங்கள் ஆப்பில் முதன்முதலில் சேர்ந்தவர்கள் கனகசெட்டிக்குளம் என்ற கடற்கரை ஊர்ப் பெண்கள் பதினெட்டுப் பேர். சேர்த்துவிட்டவர் அவர்களில் ஒருவரான அஞ்சலை அக்கா, அங்கே மகளிர் குழுத் தலைவி. போனில் மீன் விற்பதாவது, நம் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார்கள் என்று தயங்கியவர்களிடம் வீடு வீடாகப் போய், "ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் பொறுப்பு" என்று சொல்லிக் கூட்டிவந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மற்ற பதினேழு பேரும் வந்தார்கள். எங்களை நம்பி ஒருத்தரும் வரவில்லை.

அக்காவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். டைப் அடிக்க மட்டும் மாட்டார், மீன் கை வழுக்குகிறது என்பார். எந்தக் குறையானாலும் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். நான் அதைக் கேட்டு இஷ்யூவாக எழுதுவேன். முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார். அப்புறம் என் பிள்ளைக்குச் சளி விட்டதா என்பார். விஷயம் கடைசியில்தான் வரும், அதுவும் "ஒண்ணும் அவசரம் இல்ல தம்பி, நேரம் இருக்கும்போது பாரு" என்ற வாலோடு. அவர் அவசரமில்லை என்று சொன்னால் அங்கே தலை போகிற காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூச்சப்படுகிற மனுஷி. ஆகவே அக்காவிடமிருந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'அவசரம்' என்று சிவப்பு லேபிள் ஒட்டிவிடுவேன்.

ஒருநாள் ஆபீசுக்கே வந்தார், எனக்கென்று இறால் உரித்து எடுத்துக்கொண்டு. திரையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இம்மாம் கலர்ல சீட்டு ஒட்டி வெச்சிருக்கியே தம்பி, யாராச்சும் படிக்கிறாங்களா, இல்ல அழகுக்கா?"

ஒரு வாரம் டீ

பிறகு மீன்கடைக்காரர்களும் ஆப்பில் சேர்ந்தார்கள். குறைகள் மலையாகக் குவிந்தன. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஒட்டியும் தீராது. நிரல் எழுதுகிற கோமதிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ, எரிச்சலாக இருந்ததோ, "ஏண்ணா இதையெல்லாம் கையால ஒட்டிக்கினு இருக்கீங்க, தானா ஒட்டிக்கிற மாதிரி செஞ்சிடலாம்" என்றாள். அதற்கு ஒரு பாட் எழுதினாள். பாட் என்றால் ஆள் இல்லாமல் தானாக வேலை செய்கிற ஒரு சின்ன நிரல். எந்தச் சொல் வந்தால் எந்த லேபிள் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது நான். வாய்ஸ் மெசேஜையும் அதுவே எழுத்தாக மாற்றிப் பதிந்துகொள்ளும். அக்காவின் குரல் என் காதுக்கு வருவது அன்றோடு நின்றது.

மறைப்பானேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வாரம் முழுக்க டீ குடித்துக்கொண்டு, லேபிள்கள் தாமாக ஒட்டிக்கொள்வதை வேடிக்கை பார்த்தேன். எங்கள் முதலாளி ராஜசேகர் சார் பின்னால் வந்து நின்று அவரும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ ஒரு மாசம் லீவு போட்டாகூட யாருக்கும் தெரியாது போலிருக்கே."

மெர்சி

பாராட்டுக் கடிதங்களைத் தனியாகப் பிரிக்கவும் அந்த பாட் நிரலுக்குச் சொல்லியிருந்தோம். நன்றி, தேங்க்ஸ் என்று எழுதினால் 'பாராட்டு' என்று லேபிள் ஒட்டி, "மிக்க மகிழ்ச்சி! தொடர்ந்து வாங்குங்கள்!" என்று பதில் போட்டு, அந்தப் பதிவை மூடிவிடும். புதுச்சேரிக்காரன் என்ற பெருமையில் அந்தப் பட்டியலில் பிரெஞ்சு நன்றியான 'மெர்சி'யையும் சேர்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து சார் உற்சாகமாக வந்தார். ஒரே வாடிக்கையாளர் ஐந்து முறை பாராட்டியிருக்கிறாராம், அவர் படத்தை விளம்பரத்தில் போடலாமாம். பெயரைப் பார்த்தேன். அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர், தெருவில் சொல்தா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். மனைவி தவறிப்போய்த் தனியாக இருக்கிறார். வாரத்துக்கு ஒருநாள், ஒற்றை ஆளுக்கு ஒரு மீன் வாங்குவார். அனுமதி கேட்க நான்தான் போன் செய்தேன். அவர் எழுதியவற்றைப் படிக்காமல் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு படித்துப் பார்த்தால் ஐந்திலும் விஷயம் ஒன்றுதான்: வந்த மீன் கெட்டுப்போயிருந்தது, தயவுசெய்து கவனிக்கவும், மெர்சி.

பெரியவர் கோபப்படவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "முசியே, அஞ்சு வாரம் மீனைக் குப்பையில கொட்டிட்டு ரொட்டி தின்னேன். அஞ்சு தடவையும் மிக்க மகிழ்ச்சின்னு பதில் போட்டீங்க. போட்டோவுக்கு எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?"

பெரிய எழுத்து

ஒருவர் இங்கிலீஷில், எல்லாம் பெரிய எழுத்தாக, ஐந்து ஆச்சரியக்குறியோடு 'அர்ஜென்ட்' என்று எழுதியிருந்தார். பாட் அதற்குச் சிவப்பு லேபிள் ஒட்டி வரிசையின் தலைமாட்டில் வைத்தது. கோமதி கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு அரைநாள் அதில் உட்கார்ந்தாள். பார்த்தால், ஆப்பில் அவருடைய படம் சற்று இருட்டாகத் தெரிகிறதாம். அதே நேரத்தில் வரிசையின் அடியில் ஒரு மீன்காரப் பெண்ணின் பதிவு கிடந்தது. நான்கு நாளாக அவருக்கு ஆப்பே திறக்கவில்லை. 'கோச்சிக்காதீங்க' என்று ஆரம்பித்திருந்ததால் பாட் அதை 'ஆறப்போடலாம்' என்று பிரித்திருந்தது. எனக்கு அப்போதே அஞ்சலை அக்காவின் ஞாபகம் வந்தது. அவசரமில்லை என்ற சொல்லுக்கும் இதே கதிதான் ஆகும் என்று தெரிந்தது. அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதியும் வைத்தேன். கோமதி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப கத்துறவங்களுக்கு ஒரு வரிசை, கத்தாதவங்களுக்கு ஒரு வரிசையாண்ணா?"

ரவுண்டாக ஓர் எண்

திறந்து கிடக்கிற பதிவுகள் கண்ணை உறுத்துகின்றன என்றார் சார். விவரம் போதாத குறைகளுக்கு 'தகவல் தேவை' என்று பாட் லேபிள் ஒட்டி, உங்கள் போன் என்ன மாடல், ஆப் எந்தப் பதிப்பு என்று கேட்கும். பாதிப்பேர் பதில் போடமாட்டார்கள். அவற்றையெல்லாம் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு தானாக மூடிவிடலாம் என்று முடிவானது. எத்தனை நாள் என்று கோமதி கேட்டாள். அறுபது என்றேன். ஏன் அறுபது என்றாள். ரவுண்டாக இருக்கிறது என்றேன்.

மூடும்போது ஒரு செய்தி போகவேண்டுமே. சரிசெய்து மூடினால் ஒன்று, சரிசெய்யாமல் மூடினால் வேறொன்று என்று இரண்டு எழுதவேண்டும். எனக்குச் சோம்பல். ஏற்கெனவே இருந்த ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டேன்: "உங்கள் குறை சரிசெய்யப்பட்டது. நன்றி." கோடைக்கு முன்னால் இது நடந்தது. கோடை முடியும்போது, திறந்த பதிவுகள் வரிசையாகத் தெரிகிற திரைப் பலகை காலியாகிவிட்டது. சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பத்தாம்பா கழுவி விட்ட வீடு மாதிரி இருக்கு."

தடை முடிந்த இரண்டாம் நாள்

எங்கள் பக்கத்தில் கோடையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற பருவம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. சின்னப் படகுகள் போகும், ஆனால் அஞ்சலை அக்கா குழுவுக்கு மீன் வருவது விசைப்படகிலிருந்துதான். அத்தனை நாளும் ஆப்பில் அவர்கள் இருக்கமாட்டார்கள். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய்விடுவார்கள்.

தடை முடிந்தது. முதல் நாள் திருவிழா மாதிரி ஆர்டர். இரண்டாம் நாள் கடலில் காற்று, போன படகுகள் வெறும் வலையோடு திரும்பின. இப்படி ஆனால் அமுக்குவதற்கு ஆப்பில் 'இன்று மீன் இல்லை' என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் ஆர்டர் வருவது நிற்கவேண்டும். பதினெட்டுப் பேரும் அமுக்கினார்கள். நிற்கவில்லை. இரண்டு மாதம் மீன் காணாத ஊர், ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. மூன்று ஆர்டருக்கு மீன் தராவிட்டால் அந்தப் பெண்ணின் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும், பெயருக்குப் பக்கத்தில் 'நம்பகம் குறைவு' என்று வரும். அதுவும் நாங்கள் வைத்த லேபிள்தான், வாங்குகிறவர் கண்ணில் படுகிற மாதிரி. பதினோரு மணிக்குள் பதினெட்டுப் பேரும் பூட்டப்பட்டார்கள்.

மத்தியானம் வரை போனில் திட்டு வாங்கினேன். கத்தியவர்கள் எல்லாம் மறந்துபோனார்கள். கருவடிக்குப்பத்தில் ஓர் அம்மா, அக்காவிடம் முதல் நாளிலிருந்தே வாங்குகிறவர், கத்தாமல் சொன்னதுதான் நிற்கிறது: "அஞ்சலை சொன்னா சொன்னதுதான்னு நெனச்சிக்கினு இருந்தேன். கடைசில அவளும் எல்லாரையும் போலத்தான்."

அறுபத்தோராம் நாள்

போன் ஓய்ந்ததும், மூடப்பட்ட பதிவுகளில் அந்தப் பட்டனைத் தேடினேன். இருந்தது. தடை தொடங்கிய அன்று காலையில் அக்கா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். பாட் அதை எழுத்தாக்கி வைத்திருந்தது. நான் குரலையே போட்டுக் கேட்டேன்.

"தம்பி, சாப்ட்டியா? புள்ளைக்குச் சளி வுட்டுச்சா? மீன் இல்லன்ற பட்டன அமுக்குனா சில நேரம் நிக்குது, சில நேரம் நிக்க மாட்டேங்குது. இன்னிலேருந்து போட்டு கடலுக்குப் போவாது. ஒண்ணும் அவசரம் இல்ல, தடை முடியறதுக்குள்ள பாத்துட்டா போதும்."

பாட் 'ஆறப்போடலாம்' என்றும் 'தகவல் தேவை' என்றும் இரண்டு லேபிள் ஒட்டி, போன் என்ன மாடல் என்று கேட்டிருந்தது. எங்கேயோ சித்தாள் வேலையில் இருந்தவர் பதில் போடவில்லை. தடைக்காலம் அறுபத்தோரு நாள். நான் வைத்தது அறுபது. கடல் திறக்கிற நேரம் பார்த்து அந்தப் பதிவு தானாக மூடிக்கொண்டிருந்தது. ஒரு மனுஷி எங்களுக்கு இரண்டு மாதம் தவணை கொடுத்துப் பொறுத்திருக்கிறார். அந்த இரண்டு மாதமும் வீட்டில் மீன் இல்லை, கோழியே தின்று வாய் செத்துப்போச்சு என்று முனகியவன் நான். தடைக்காலம் எனக்குத் தெரியாதது இல்லை. தட்டில் தெரிந்தது, வேலையில் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, வந்ததை மறைக்கவும் தோன்றவில்லை.

கோமதி பக்கத்தில் வந்து அந்தப் பதிவைத் திறந்து படித்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "இது ஒங்க காதுக்கு வந்திருந்தா என்னா லேபிள் ஒட்டியிருப்பீங்கண்ணா?"

சரிசெய்யப்பட்டது

மறுநாள் பஸ் ஏறிக் கனகசெட்டிக்குளம் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து வேறு யாருக்கோ மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு, நாற்காலி போட்டு, கடைக்குப் போய் ஒரு கலர் சோடா வாங்கிவந்து உடைத்துக் கொடுத்தார். திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முந்தின நாள் சாயங்காலமே குழு கூடியிருக்கிறது. பெண்கள் ஆப்பைத் திட்டவில்லை. அது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அஞ்சலை அக்காவைத் தெரியும். பல வருஷமாகத் தெருத்தெருவாக நடந்து சேர்த்த வாடிக்கை, ஒரே காலையில் பெயர் கெட்டுப்போனது, நீதானே பொறுப்பு என்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். தலைவி வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவரும் குழுவின் கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

தப்பு எங்களுடையது, நானே வந்து எல்லாரிடமும் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். போனை எடுத்து, தேடி, ஒரு செய்தியை என் முன்னால் நீட்டினார். உங்கள் குறை சரிசெய்யப்பட்டது, நன்றி. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இத நீதான் அனுப்பியிருப்பன்னு நெனச்சேன் தம்பி. பதினேழு பேரையும் கூப்ட்டு இதக் காட்டித்தான், தைரியமா ஆர்டர் எடுங்கடி, நான் பொறுப்புன்னு சொன்னேன்."

ஒரே ஒரு வரி

கோமதி பட்டனைச் சரிசெய்துவிட்டாள். மொத்தமே ஒரு வரி. நான் டீ வாங்கிவந்து வைத்தேன், ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பதினெட்டுக் கணக்குகளையும் திறந்தோம், 'நம்பகம் குறைவு' லேபிளை எடுத்தோம். மன்னிப்புக் கேட்டு ஒவ்வொருவருக்கும் கையால் எழுதி அனுப்பினேன். பாட் நிரலை நிறுத்திவிட்டுப் பழையபடி நானே படிக்கிறேன் என்று சாரிடம் கேட்டேன். நிறுத்தினால் பலகை மறுபடி குப்பையாகிவிடும், வேண்டுமானால் அறுபதைத் தொண்ணூறாக்கிக்கொள் என்றார். ஆக்கினேன்.

அக்காவைத் தவிர மற்ற பதினேழு பேரும் திரும்பவில்லை. கடைக்காரர்களுக்கு மீன் கொடுக்கப் போய்விட்டார்கள். அஞ்சலை அக்காவுக்கு போன் செய்து, பட்டன் சரியாகிவிட்டது, நானே பத்து முறை அமுக்கிப் பார்த்தேன் என்றேன். ஒரு நிமிஷம் இரு தம்பி என்றார். அமுக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. திரும்ப வந்து, என் மனம் நோகக்கூடாதே என்று குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "நல்லா நிக்குது தம்பி, ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. எனக்குத்தான் இப்ப ஆர்டரே வர்றதில்ல, எத நிறுத்துறது?"

இத்தனை வருஷத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்: ஒரு வேலையைத் தானாக நடக்கும்படி செய்துவிட்டால், அதில் நாம் செய்கிற தப்பும் நம்மை எதிர்பார்க்காமல் வேளாவேளைக்கு நடந்துவிடும்.